நனைந்தபடி ஒரு தீம் பார்க்: லிஃப்ட் மெக்கானிக் கண்ணில்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. அதில் இரண்டு, ரைடுகளை ஓட்டும் பிள்ளைகளுக்கு. ஒன்று, பேய் வீட்டுக்கு. மிச்ச அரை, மழைக்குப் பயந்து வராமலே இருந்துவிட்ட ஜனங்களுக்கு. அவர்கள் புண்ணியத்தில் எங்களுக்கு எங்கேயும் வரிசை இல்லை. நிர்வாகத்துக்கென்று கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். மற்றவர்கள் தீம் பார்க்கில் உயரத்தைப் பார்ப்பார்கள், என் கண் பிரேக்குக்குப் போகும். அதனால் இந்த விமர்சனத்தில் பிரேக் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா என்று மட்டும் தெரிய வேண்டியவர்கள் நேரே பேய் வீட்டுப் பகுதிக்குத் தாவிவிடலாம்.

போனது ஆறு பேர். முழங்கால் வலியோடு எழுபதைத் தாண்டிய அம்மா, மனைவி, எட்டாவது படிக்கும் மகன், ஒன்றாவது படிக்கும் மகள், மனைவியின் தம்பி, நான். டிக்கெட் முன்கூட்டியே எடுத்தது. காலையில் எழுந்தால் வானம் மூடிக் கிடக்கிறது. தேதி மாற்ற வழியில்லை, பணமும் திரும்பாது. “நனைஞ்சா காய்ஞ்சுக்கலாம், வாங்க போவோம்” என்று அம்மாதான் முதலில் செருப்பை மாட்டினார்.

நுழைவாயில் கவுண்டரில் ஒரு கேள்வி கேட்டேன்: “மழையில் எதெது ஓடும்?” கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எல்லாம் ஓடும் சார்.” உள்ளே போய் ரோலர் கோஸ்டரை இயக்கும் பையனிடம் அதே கேள்வியைக் கேட்டேன். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசிருக்கும். “தூறல்னா ஓட்டுவோம் சார். பலமா பெய்ஞ்சா நிறுத்திடுவோம். இடி கேட்டுதுன்னா மேல இருக்கிற எதுவும் ஓடாது. இப்பவே ஏறிடுங்க, இன்னும் அரை மணிநேரத்துல கொட்டப் போவுது.” கவுண்டர்காரர் சொல்ல வேண்டியதை இவன் சொன்னான். நாள் முழுக்க இதுவேதான் கதை. இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் உள்ளதைச் சொன்னார்கள், குளிர்சாதன அறைக்குள் இருந்தவர்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள்.

மழைக்கு ஏன் நிறுத்துகிறார்கள் என்று சிலர் அந்தப் பையனிடம் சண்டைக்கே போனார்கள். அவர்களுக்காக: தண்டவாளத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் ஓடும் கோஸ்டரில், பாதையைப் பல துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டுக்குள் ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் போனது விலகாவிட்டால் பின்னால் வருவது அந்தந்த இடத்து பிரேக்கிலேயே நின்றாக வேண்டும். பிடித்து நிறுத்தும் வகை பிரேக் நனைந்துவிட்டால் வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடும். ரப்பர் சக்கரங்கள் வண்டியைத் தள்ளிவிடும் இடங்களிலும் ஈரத்தில் வழுக்கும். வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஓட்டுவதும், பலத்த மழையில் அடியோடு நிறுத்துவதும் இதனால்தான். காந்த பிரேக்குக்கு இந்தக் கவலை இல்லை. வண்டிக்கு அடியில் இருக்கும் உலோகத் தகடு காந்தங்களுக்கு நடுவே புகுந்து போகும்போதே வேகம் குறைந்துவிடும். ஒன்றோடொன்று உரசுவதே கிடையாது, ஈரமானாலும் வேலை செய்யும். ஆனால் வேகம் குறையக் குறைய அதன் பிடியும் குறைந்துகொண்டே வரும். முழுசாக நிறுத்த எப்படியும் உரசும் பிரேக்கோ சக்கரமோ தேவைப்படும். ஆகவே நிறுத்துகிற பையனைத் திட்டாதீர்கள். மழையில் எதையும் நிறுத்தாத பார்க் ஒன்று இருந்தால் என் பிள்ளைகளை அதன் வாசலைக்கூட மிதிக்க விடமாட்டேன்.

பையன் பேச்சைக் கேட்டு ஏறினோம். தூறலில் கோஸ்டர் எப்படி இருந்தது என்றால், முகத்தில் ஊசி குத்தியது. பெரிய மழைத்துளி என்றாலும் அது கீழே விழும் வேகம் நொடிக்கு 9 மீட்டர்தான், மணிக்கு 32 கிலோமீட்டர் சொச்சம். வண்டி 80 கிலோமீட்டரில் போகும்போது மழை நம்மேல் விழுவதில்லை. நாம்தான் போய் மழைமேல் மோதுகிறோம். மச்சான் முதல் இறக்கத்திலேயே கண்ணை மூடியவர், ஸ்டேஷன் வந்த பிறகுதான் திறந்தார். “மாமா, ஒண்ணுமே பார்க்கல, ஆனா நல்லாருந்துச்சு” என்றார். ஈரத்தில் கோஸ்டர் வேகம் கூடும் என்று கோஸ்டர் பைத்தியங்கள் சொல்வார்கள். என் மகன் அதை நூற்றுக்கு நூறு நம்புகிறான், மறுபடி ஏற அதையே காரணமாகச் சொன்னான். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைக்காதீர்கள். லாக்கரில் வையுங்கள்.

பையன் சொன்ன மாதிரியே கொட்டியது, நிறுத்தினார்கள். விட்ட பிறகு அவர்கள் செய்ததைத்தான் நான் நின்று ரசித்தேன். உடனே ஆளை ஏற்றவில்லை. வெறும் வண்டியைச் சுற்றவிட்டார்கள். அது வந்து நிற்கும் இடத்தைப் பார்த்தார்கள், திரும்பவும் விட்டார்கள். ஒரு பெண் துணியை வைத்து ஒவ்வொரு இருக்கையாகத் தண்ணீரைத் துடைத்தபடி வந்தார், ஒவ்வொரு கம்பியையும் இழுத்து ஆட்டிப் பார்த்தார். லிஃப்டில் நாங்கள் செய்வதும் இதுதான். வேலை முடிந்ததும் வெறும் கூண்டை மேலும் கீழும் ஓட்டிப் பார்க்காமல் ஒருத்தரையும் ஏற்றமாட்டோம். பக்கத்தில் ஒரு அண்ணன் “சும்மா ஓட்டுறதுக்கு நம்மளை ஏத்தலாம்ல” என்று பொருமினார். அவர் வீட்டு லிஃப்டை நான் பார்ப்பதில்லை என்பதில் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

மேலிருந்து பொத்தென்று விழும் டவர் ரைடைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் அடியில் இருப்பது நிரந்தரக் காந்தங்கள். கரண்ட் போனாலும் பிடிக்கும், மழை பெய்தாலும் பிடிக்கும். 1854-ல் நியூயார்க் கண்காட்சியில், லிஃப்டின் கயிறு அறுந்தால் பிடித்துக்கொள்ளும் பிரேக்கைச் செய்த எலிஷா ஓடிஸ் மேலே தூக்கப்பட்ட மேடையில் நின்றுகொண்டு, தன்னைத் தாங்கிய கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி அங்கேயே பிடித்து நின்றது. எங்கள் தொழிலே அன்றைக்குத்தான் ஜனங்களின் நம்பிக்கையைப் பெற்றது. அவர் விழாமல் காட்டியதை இப்போது விழுந்து காட்டிக் காசாக்குகிறார்கள். இதை மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, “பிரேக் கதை போதுங்க, இந்தப் பையைப் பிடிங்க, நான் ஏறிட்டு வர்றேன்” என்று போய்விட்டாள்.

வாட்டர் பார்க் பக்கம் மழை நாளில் எல்லோரும் போடும் கணக்கு ஒன்று உண்டு: எப்படியும் நனையத்தானே போகிறோம், மழை பெய்தால் என்ன? மழை பெய்தால் ஒன்றுமில்லை. இடி இடித்தால்தான் வம்பு. அலைக்குளத்தில் பிள்ளைகள் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் மேற்கே உறுமியது, விசில் ஊதி மொத்தப் பேரையும் வெளியே ஏற்றிவிட்டார்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 3 விநாடி என்றால் மின்னல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி. 30 விநாடி என்றால் 10 கிலோமீட்டர். அதற்குள் வந்தால் தண்ணீரில் இருக்கக்கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகாமல் திரும்ப இறங்கவும் கூடாது. நடுவில் இன்னொரு இடி கேட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். மகளுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தேன். அவள் வேகமாக எண்ணுவாள், அதனால் அவள் கணக்கில் எல்லா இடியும் ரொம்ப தூரத்திலேயே விழுந்தது. “அப்பா, நாப்பது! போலாமா?”

இங்கேதான் நிர்வாகத்துக்கு முதல் குட்டு. குளத்தைச் சுற்றி இருநூறு பேர் சொட்டச் சொட்ட நிற்கிறார்கள், எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. விசில் ஊதிய பிள்ளையிடம் ஆளாளுக்குப் போய்க் கேட்கிறார்கள். அவனும் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்கிறான். ஒரு பெரிய கடிகாரப் பலகை, அதில் “கடைசி இடி இத்தனை மணிக்கு, அடுத்து திறப்பது இத்தனை மணிக்கு” என்று இரண்டு வரி இருந்தால் போதும். பாட்டுப் போட ஒலிபெருக்கி இருக்கிறது, அது நாள் முழுக்க அலறியது. அதில் ஒரு தடவையாவது இதை அறிவித்திருக்கலாம்.

இன்னொரு தடவை இடி வந்தபோது நானும் மகனும் ஜெயன்ட் வீலில் மாட்டிய கதையும் உண்டு. மூடிய பெட்டிகள் என்பதால் தூறலில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல யோசனைதான், கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை என்பதைத் தவிர. உறுமல் கேட்டதும் இறக்க ஆரம்பித்தார்கள். எங்களுக்கு முந்தின பெட்டி இறங்கியது, அடுத்து நாங்கள்தான் என்று எழுந்து நின்றால் சக்கரம் நிற்காமல் எங்களைத் தாண்டிக் கொண்டுபோனது. பெட்டிக்குள் கூட இருந்த குடும்பம் கத்தத் தொடங்கிவிட்டது. கீழேயிருந்து அந்த ஆப்பரேட்டர் இரண்டு கையையும் வாயில் குவித்துச் சொன்னார்: “வரிசையா இறக்கல, எதிரெதிரா இறக்குறோம்! பயப்படாதீங்க!” சரிதான். ஒரே பக்கம் எல்லாப் பெட்டியையும் காலி செய்தால் சக்கரம் பாரமான பக்கம் இழுக்கும். மோட்டாருக்கும் பிரேக்குக்கும் வீண் சுமை. லிஃப்டில் கூண்டின் எடையோடு, அது ஏற்கும் சுமையில் கிட்டத்தட்டப் பாதியையும் சேர்த்து எதிர் எடையாகத் தொங்கவிடுவது இதே காரணத்துக்குத்தான். கத்திக்கொண்டிருந்தவரிடம் இதைச் சொன்னேன். அவர் சமாதானமானாரா, இல்லை நான் வாயை மூட வேண்டும் என்று பேசாமல் இருந்தாரா தெரியவில்லை. எப்படியும் பெட்டிக்குள் அமைதி வந்தது.

இனி பேய் வீடு. அம்மாவை மழையில் எங்கே உட்கார வைப்பது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது. நடக்கும் தூரம் அதிகம். ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே கூரை கிடையாது. முதியவர்களுக்கென்று ஒரு பேட்டரி வண்டி விடுகிறார்கள், வெயிலில் ஓடும். மழை வந்ததும் “சைடு ஓப்பனா இருக்கு சார், நனைஞ்சிடுவாங்க” என்று அதை ஓரங்கட்டிவிட்டார்கள். வண்டியில் போனால் நனைவாராம், நடந்து போனால் நனையமாட்டாராம். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் திரை தைத்து மாட்டக்கூட அந்த நிர்வாகத்தில் ஆள் இல்லை.

பேய் வீட்டுக்குள் குட்டி வண்டியில் உட்கார்ந்தே போகலாம், நடக்க வேண்டாம், கூரை உண்டு, உலுக்கல் இல்லை. அம்மாவுக்கு அது போதும் என்று நினைத்துத்தான் ஏற்றினோம். வெளியே வந்ததும் “இன்னொரு தடவை போலாமா தம்பி?” என்றார். ஆள் இல்லாத நாள் என்பதால் இறங்காமலே திரும்பப் போக விட்டார்கள். அப்புறம் அங்கேயே அவர் குடியிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு தீர்ப்பும் சொன்னார்: “அந்தப் பேய்க்குச் சட்டை பட்டன் மாத்தி இருக்குடா. ஆம்பளப் பேய், பொம்பளச் சட்டை.”

அம்மா ரொம்ப வருஷம் தையல் மெஷின் மிதித்தவர். அவர் கண்ணுக்கு வேறு எதுவும் முதலில் தெரியாது. ஆண்கள் சட்டையில் பட்டன் போட்டிருப்பவரின் வலப்பக்கம் வரும், பெண்கள் சட்டையில் இடப்பக்கம். அறைக்குள் தெரிந்த பேய் நிஜப் பொம்மை இல்லை, பிம்பம். அதனால்தான் இடம் வலம் மாறியது. நம் கண்ணுக்கு மறைவான இன்னொரு அறையில் பொம்மையை நிறுத்தி, நடுவே ஒரு பெரிய வெறும் கண்ணாடியை 45 டிகிரி சாய்த்து வைத்து, பொம்மைமேல் வெளிச்சம் அடித்தால், அது நமக்கு எதிரே காற்றில் நிற்கும். விளக்கை அணைத்தால் மறையும். லண்டனில் 1862-ல் ஜான் ஹென்றி பெப்பர் என்பவர் மேடையில் செய்துகாட்டிப் பிரபலமாக்கிய தந்திரம், இன்றும் அதே கண்ணாடி, அதே சாய்வு. இதை விளக்கியதும் அம்மா சந்தோஷப்பட்டார், பயம் போனதால் இல்லை, தையல்காரன் தப்புச் செய்யவில்லை என்பதால். ஒரு மதிப்பெண் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். வண்டியில் ஏறி இறங்க அங்கே நின்ற பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டதற்கும் சேர்த்து.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. தூறல் ஆரம்பித்ததும் ஜனங்கள் எல்லாம் டேஷிங் கார், 4டி தியேட்டர், பேய் வீடு என்று கூரைக்கு அடியில் ஓடினார்கள். ஓடாதீர்கள். தூறல் நேரம்தான் திறந்தவெளி ரைடுகளுக்குப் பொன்னான நேரம், ஏனென்றால் அவைதான் அடுத்து நிற்கப் போகின்றவை. கொட்டும்போது கூரையைத் தேடுங்கள். நாங்கள் அந்த வரிசையில் போனதால் கோஸ்டர், டவர், ராட்டினம் எல்லாம் முடிந்தது. முதலில் தியேட்டருக்குள் போனவர்கள் வெளியே வந்தபோது எல்லாக் கேட்டிலும் சங்கிலி போட்டிருந்தது.

உள்ளே கடையில் விற்கும் பிளாஸ்டிக் மழை அங்கியை வாங்காதீர்கள். தலையை நுழைக்கும்போதே கழுத்துப் பக்கம் கிழிகிறது. கோஸ்டரில் அதைக் கழற்றச் சொல்கிறார்கள், படபடவென்று பறந்து எதிலாவது சிக்கும் என்பதால், அது நியாயம். உடம்போடு ஒட்டிய, தொப்பி வைத்த மழைக்கோட்டு இருந்தால் கொண்டுபோங்கள். காலுக்குப் பின்வார் வைத்த செருப்பு. ஷூ போட்டுவந்த மச்சான் சாயங்காலம் வரை சளக் சளக்கென்று நடந்தார். ஆளுக்கு ஒரு செட் காய்ந்த துணி, அதையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு. குடை எதற்கும் உதவவில்லை, ஒவ்வொரு ரைடு வாசலிலும் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை நிறுத்த வேண்டியிருந்தது.

லாக்கர் இரண்டாவது குட்டு. ஒரு தடவை திறந்தால் வாடகை முடிந்தது, மறுபடி பூட்ட மறுபடி பணம். வெயில் நாளில் இது வெறும் எரிச்சல். மழை நாளில் துண்டு எடுக்க, துணி மாற்ற, போன் வைக்க என்று திறந்து திறந்து மூட வேண்டியிருக்கும்போது இது பகல் கொள்ளை. நாள் வாடகை என்று ஒன்று வைத்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

பணம் திருப்பித் தராதது பற்றி நான் சண்டை போடவில்லை. வானிலையால் ரைடு நின்றால் பணம் திரும்பாது என்று டிக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறார்கள், படித்துவிட்டுத்தான் வாங்கினேன். உலகத்தில் சில பார்க்குகள் மழையால் நெடுநேரம் ரைடுகள் நின்றுபோனால் இன்னொரு நாள் வர அனுமதிச் சீட்டு கொடுக்கின்றன. இங்கே அது இல்லை, இருந்தால் நல்லது. ஆனால் குறைந்தபட்சம் அந்தக் கவுண்டரில் “எல்லாம் ஓடும்” என்று சொல்வதை நிறுத்த வேண்டும். இன்றைக்கு மழை, இன்னின்னது நிற்கலாம், இன்னின்னது நிச்சயம் ஓடும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினால், பாதிப் பேர் ஆப்பரேட்டர் பிள்ளைகளிடம் சண்டைக்குப் போகமாட்டார்கள். அந்தப் பிள்ளைகள் அன்றைக்கு வாங்கிய வசவு முழுக்க இந்த ஒரு வாக்கியத்துக்காக வாங்கியதுதான்.

கடைசியாக உடை மாற்றும் அறை. தரையில் வழவழ டைல்ஸ். அதன்மேல் மழைத் தண்ணீரும் ஷாம்பு நுரையும். மிதியடி இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. அம்மாவின் கால் சறுக்கியது, மனைவி இடுப்பைச் சுற்றிப் பிடித்ததால் விழவில்லை. அத்தனை ரைடுகளிலும் ஒரு தடவைகூட வராத பயம் எனக்கு அதைக் கேட்டபோதுதான் வந்தது. வெளியேறும்போது புகார்ப் புத்தகத்தில் ரப்பர் மேட் போடச் சொல்லி எழுதிக் கையெழுத்திட்டேன். எனக்கு முன்னால் அதே பக்கத்தில் மூன்று பேர் அதையே எழுதியிருந்தார்கள். மனைவி இதற்காக இன்னொரு மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்கிறாள். பேய் வீட்டு மதிப்பெண்ணில் கைவைக்க அம்மா விடமாட்டார், ஆப்பரேட்டர்கள் மதிப்பெண்ணைக் குறைக்க எனக்கு மனமில்லை. ஆகவே மூன்றரை அப்படியே இருக்கட்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மட்டும் வீட்டிலிருந்தே துணி மாற்றிக்கொண்டு போங்கள், அந்த அறைப் பக்கம் போகாதீர்கள்.